எறிபந்துக்கு ஓர் அறை வேண்டும்

"சிறு துரும்பும் பல் குத்த உதவும்" என்பார்கள் நம் பெரியோர்கள். சிறியது என்று எதையும் ஒதுக்கிவிடாதே என்பது அதன் பொருள். அருங்காட்சியகம் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது எது? அரசர்களின் வாளும் கேடயமும், செப்புத் திருமேனிகளும், பழைய நாணயங்களுமே அன்றோ? எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள். ஆனால் ஓர் ஊர் தான் ஆடிய விளையாட்டின் நினைவைக் காப்பதற்கும் அருங்காட்சியகம் வைக்கலாம். அதற்கு மாளிகை தேவையில்லை. ஓர் அறையே போதும். அப்படிப்பட்ட ஓர் அறை, பெண்கள் பள்ளிகளின் சொந்த விளையாட்டாகிய எறிபந்துக்கு நம் பகுதியில் வேண்டும் என்பதே நான் இங்கு எடுத்துரைக்க விரும்பும் கருத்து.

எறிபந்து என்றால் சிலர் விழிக்கக்கூடும். 'த்ரோபால்' என்றால் நம் பள்ளியில் ஆறாம் வகுப்புத் தங்கைக்கும் தெரியும். 18.30 மீட்டர் நீளமும் 12.20 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளம், நடுவில் வலை, பக்கத்துக்கு 7 பேர். கைப்பந்தில் பந்தைத் தட்ட வேண்டும். எறிபந்தில் தட்டக் கூடாது. இரு கைகளாலும் பிடித்து, 3 விநாடிக்குள் ஒரே கையால் தோளுக்கு மேலாக எறிந்துவிட வேண்டும். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு பந்து, ஒரு வலை, சற்றே சமமான தரை, இவை இருந்தால் போதும். அதனால்தான் பெரிய மைதானம் இல்லாத பெண்கள் பள்ளிகளிலும் இந்த ஆட்டம் வேரூன்றியது. மாலையில் மணி அடித்த பிறகும் களத்தை விட்டு வர மனமில்லாமல் நிற்கும் மாணவியரை நாம் நாள்தோறும் பார்க்கிறோம்.

விளையாட்டுக்கு அருங்காட்சியகம் என்பது புதுமையன்று. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தில், கூப்பர்ஸ்டவுன் என்று ஒரு சிற்றூர் உண்டு. அங்கு வாழ்வோர் ஏறத்தாழ 2,000 பேரே. ஆனால் பேஸ்பால் விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. பேஸ்பால் நம் ஊரில் அதிகம் ஆடப்படும் ஆட்டமன்று. கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு எனலாம். ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் உருண்டை மட்டையால் அடித்துவிட்டு நான்கு முனைகளைச் சுற்றி ஓடி வருவார். 1935-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டுப் பரணிலிருந்த பெட்டியில் தையல் பிரிந்த பழைய பந்து ஒன்று கிடைத்தது. ஸ்டீபன் கிளார்க் என்ற உள்ளூர்ச் செல்வர் அதை 5 டாலருக்கு வாங்கி, வேறு சில பழம்பொருள்களோடு ஊர்ச் சங்கத்தின் அறை ஒன்றில் வைத்தார். மக்கள் ஆவலோடு வந்து பார்த்தனர். அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1939 ஜூன் 12 அன்று அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் அங்கே செல்கின்றனர். பிரிந்துபோன ஒரு பந்து ஓர் ஊரையே உலகறியச் செய்துவிட்டது!

ஆனால் தோழியரே, இந்தக் கதையில் நமக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. பேஸ்பால் எங்கே பிறந்தது என்று ஆராய 1905-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஆப்னர் டபுள்டே என்பவர் 1839-இல் கூப்பர்ஸ்டவுனில் இந்த ஆட்டத்தை உருவாக்கினார் என்று அது முடிவு கூறியது. சான்று என்ன? முதியவர் ஒருவர் பல ஆண்டுகளுக்குப் பின் நினைவிலிருந்து எழுதிய கடிதம், அவ்வளவுதான். 1839-இல் டபுள்டே அந்த ஊரிலேயே இல்லை. வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். 1893-இல் இறக்கும்வரை அவர் 'நான்தான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தேன்' என்று சொன்னதும் இல்லை. எனினும் கதை அழகாக இருந்ததால் மக்கள் நம்பினர். நூற்றாண்டு விழாவும் கொண்டாடினர். இன்று வரலாற்று அறிஞர்கள் எவரும் அதை ஏற்பதில்லை.

உண்மைச் சான்று எங்கே கிடைத்தது தெரியுமா? மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிட்ஸ்ஃபீல்டு என்ற ஊரின் பழைய ஆவணங்களில்! 1791-இல் அந்த ஊரார் ஒரு விதி எழுதி வைத்தனர். புதிதாகக் கட்டிய கூட்ட மண்டபத்தின் சன்னல் கண்ணாடிகள் உடைந்துவிடக் கூடாது. ஆகவே அதன் அருகே 80 கஜத்துக்குள் எவரும் பேஸ்பால் முதலிய பந்தாட்டங்களை ஆடக் கூடாது என்பது அந்த விதி. இது வெளியுலகுக்குத் தெரிய வந்தது 2004-இல்தான். டபுள்டே பிறப்பதற்கு முன்பே அந்த ஊர்ப் பிள்ளைகள் பேஸ்பால் ஆடிச் சன்னல்களை அச்சுறுத்தியிருக்கிறார்கள்! ஆய்வுக்கூடச் சன்னல் பக்கம் பந்தைக் கொண்டு போகாதீர்கள் என்று நம் ஆசிரியைகள் சொல்வதும் எழுத்தில் இருந்தால், நாளை அதுவும் ஒரு வரலாற்றுச் சான்றாகலாம் அல்லவா?

இனி நம் எறிபந்துக்கு வருவோம். இதன் வரலாறு என்று பல இடங்களில் எழுதப்பட்டிருப்பது இதுதான்: இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் 1930-களில் பெண்கள் ஆடிய ஆட்டம் இது, ஒய்.எம்.சி.ஏ. இதைச் சென்னைக்குக் கொண்டுவந்தது, 1940-களில் சென்னையில் பெண்கள் ஆடினர், ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் 1955-இல் இதற்கு விதிகளை வகுத்தார். படிப்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. பக் அவர்களும் சாதாரண மனிதர் அல்லர். அமெரிக்கராகிய அவர் 1920-இல் சென்னையில் அக்கல்லூரியைத் தொடங்கினார். இன்றும் நந்தனத்தில் அது இயங்கி வருகிறது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடு போனவரும் அவரே. நம் நாட்டில் உடற்கல்வி ஆசிரியர் என்ற பணி மதிப்புப் பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தப் பெருமகனார் 1943-ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்! காலமானவர் 12 ஆண்டுகள் கழித்து எப்படி விதி வகுத்திருக்க முடியும்? ஆண்டு தவறாக இருக்க வேண்டும். இல்லையேல் ஆள் தவறாக இருக்க வேண்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதி, அதை இன்னொருவர் பார்த்து எழுதி, பிழையே வரலாறாகிவிட்டது. நம் ஊருக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஆட்டத்தின் கதை இந்த நிலையில் இருக்கிறது.

இன்னொன்றையும் பாருங்கள். 1895-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், நியூகோம் என்ற பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர் கிளாரா கிரெகரி பேயர். தம் மாணவியருக்காக அவர் ஓர் ஆட்டத்தை உருவாக்கினார். வலைக்கு மேலாகப் பந்தை எறிவதும் எதிர்ப்பக்கத்தார் பிடிப்பதுமே அந்த ஆட்டம். அதே 1895-இல்தான் வில்லியம் மார்கன் கைப்பந்தை உருவாக்கினார். மார்கனின் பெயரைப் பொது அறிவு வினாவிடையில் படிக்கிறோம். பேயர் அம்மையாரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவருடைய ஆட்டமும் நம் எறிபந்தும் அக்காளும் தங்கையும் போன்ற சாயலில் இருக்கின்றன. ஆயினும் நாம் படிக்கும் எறிபந்துக் கதையில் அவர் பெயர் வருவதில்லை. பெண்களுக்காகப் பெண் ஒருவர் செய்தது எளிதில் மறக்கப்படுகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். எந்தப் பள்ளிக்குச் சென்றாலும் கண்ணாடி அலமாரியில் கேடயங்களும் கோப்பைகளும் வரிசையாக இருக்கும். போட்டியின் பெயர், ஆண்டு, 'முதல் பரிசு' என்ற சொற்கள், எல்லாம் பொறித்திருக்கும். ஆடியவர்களின் பெயர் மட்டும் பெரும்பாலும் இராது. கேடயத்தைத் துடைத்து வைக்கிறோம். அதை வென்ற எழுவர் யார் என்று கேட்டால் விடை இல்லை.

என் அம்மா 1990-களில் ஒரு கன்னியர் பள்ளியில் எறிபந்து ஆடியவர். மாவட்டப் போட்டியில் வென்ற அணியில் அவரும் ஒருவர். அந்தச் சான்றிதழ் எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அதில் அம்மாவின் பெயருக்கு முன்னால் தாத்தாவின் பெயரின் முதலெழுத்து. இன்று குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் அப்பாவின் பெயரின் முதலெழுத்து. "உங்கள் அணியில் இருந்த மற்றவர்கள் எங்கே அம்மா?" என்று கேட்டேன். "கல்யாணமாகி ஆளுக்கொரு ஊருக்குப் போயிட்டாங்கடி. இனிஷியலும் மாறிப்போச்சு. யாருன்னு சொல்லித் தேடுறது?" என்றார். இந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆண்கள் அணி ஒன்றின் பழைய பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெயர்களைத் தேடினால் கிடைத்துவிடும். பெண்கள் அணியைத் தேடினால், பெயரின் முதலெழுத்தும் மாறி, ஊரும் மாறி, பல இடங்களில் பெயரே மறைந்து 'இன்னாரின் மனைவி' என்றாகியிருக்கும். எனவே ஆடுகிற நாளிலேயே எழுதி வைக்காவிட்டால், பெண்களின் விளையாட்டு வரலாற்றைப் பிறகு எழுதவே முடியாது. எறிபந்துக்கு ஓர் அறை வேண்டும், அதுவும் விரைவில் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

எழுதி வைத்தால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு மீண்டும் பேஸ்பாலையே காட்டுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல், அமெரிக்காவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறைப் பேஸ்பால் அமைப்பு தொடங்கியது. 1954 வரை அது நடந்தது. 600-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் ஆடினர். முழங்கால் தெரியும் பாவாடையோடு மண்ணில் சறுக்கி விழுந்து, தோல் உரிய ஆடினர். அமைப்பு கலைந்தது, எல்லாரும் அவரவர் வீடு திரும்பினர், உலகம் அவர்களை மறந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1980-இல், முன்னாள் ஆட்டக்காரரான ஜூன் பெப்பாஸ் என்ற பெண்மணி பழைய தோழியருக்கு ஒரு செய்தி மடல் அனுப்பத் தொடங்கினார். ஒருவர் மூலம் மற்றொருவர் என்று முகவரிகள் சேர்ந்தன. 1982-இல் சிகாகோவில் அவர்கள் ஒன்றுகூடினர். 1988-இல் கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் அவர்களுக்கென்று ஒரு காட்சி திறக்கப்பட்டது. 1992-இல் அவர்கள் கதை திரைப்படமாகவும் வந்தது. 1939-இல் திறந்த அருங்காட்சியகத்தில் பெண்களுக்கு இடம் கிடைக்க ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு பெண் கடிதம் எழுத உட்கார்ந்ததால் தொடங்கியது!

நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பெயர் நிலைத்த பெண்களும் உண்டு. 2022 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. வேட்டி கட்டிய 'தம்பி' என்ற குதிரைப் பொம்மை அப்போது எங்கும் நின்றது நினைவிருக்கும். அந்தப் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலப் பதக்கம் பெற்றது. கொனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, தானியா சச்தேவ், பக்தி குல்கர்னி ஆகிய ஐவர் அந்த அணியினர். ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபடியே ஆடினார். இத்தனையும் நான் எப்படிச் சொல்ல முடிகிறது? சதுரங்கத்தில் ஒவ்வொரு ஆட்டமும், ஒவ்வொரு நகர்வும், ஆடியவர் பெயரோடு குறித்து வைக்கப்படுகிறது. குறித்து வைத்தது நிற்கிறது, குறிக்காதது போய்விடுகிறது. திறமை ஒன்றே போதும் என்றால் நம் பள்ளிகளின் எறிபந்து வீராங்கனைகளும் நினைவில் நின்றிருப்பார்களே!

சரி, அந்த அறை எப்படி இருக்க வேண்டும்? இதற்கு வழிகாட்டி கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவுக்கு நம்மில் பலர் சுற்றுலா சென்றிருக்கிறோம். செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு எனப் பழைய வீடுகளைப் பிரித்து எடுத்து வந்து, அங்கே மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். அரண்மனையில்தான் வரலாறு இருக்கிறது என்று எண்ணியிருந்தால், அந்த வீடுகளின் திண்ணையும் முற்றமும் சமையலறையும் நம் எண்ணத்தை மாற்றிவிடுகின்றன. சாதாரண மக்கள் புழங்கியதும் போற்றிக் காக்கத்தக்கதே. வீட்டையே பெயர்த்து வந்து காக்க முடியுமானால், ஒரு பந்தையும் வலையையும் பத்துப் புகைப்படங்களையும் காப்பது கடினமா?

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். அமெரிக்காவில் கறுப்பின மக்களைப் பெரிய பேஸ்பால் அணிகளில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த காலம் உண்டு. அவர்கள் தங்களுக்கென்று தனி அணிகள் அமைத்து ஆடினர். அந்த நினைவைக் காக்க 1990-இல் கன்சாஸ் நகரில் ஓர் அருங்காட்சியகம் தொடங்கியது. அதுவும் முதலில் ஒரே ஓர் அறைதான். பக் ஓ'நீல் என்ற முதிய ஆட்டக்காரரும் அவருடைய நண்பர்களும் முறை வைத்து அந்த அறைக்கு வாடகை கொடுத்தார்கள். அது நன்றாக வளர்ந்து நிலைத்தது. 2020-இல் அந்த அணிகளின் ஆட்டமும் உயர்நிலை ஆட்டமே என்று அமெரிக்கப் பேஸ்பால் அமைப்பு ஏற்றுக்கொண்டது. வாடகை இல்லாமலே நமக்குப் பள்ளிகளில் இடம் கிடைக்குமே! நூலகத்தின் ஒரு மூலையில் தொடங்கலாம்.

எல்லாம் கைப்பேசியில் படமாக இருக்கிறதே, அறை எதற்கு என்று சிலர் வினவலாம். படம் இருக்கிறது, படத்தில் இருப்பவர் பெயர் எங்கே இருக்கிறது? கைப்பேசி பழுதானால் படமும் போயிற்று. எறிபந்து ஒலிம்பிக்கில் இல்லையே, அதற்கு இவ்வளவு சிறப்பா என்று கேட்பவர்களும் உண்டு. பதக்கம் தரும் ஆட்டத்துக்கு மட்டுமே மதிப்பு என்றால், நம் அன்னையரும் அக்காமாரும் மாலை வெயிலில் அடைந்த மகிழ்ச்சிக்கு மதிப்பே இல்லையா? பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளை கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. தேர்வு முக்கியந்தான், மறுக்கவில்லை. ஆனால் பல பெண்களுக்கு அந்தப் பருவத்தோடு விளையாட்டே முடிந்துவிடுகிறது. பிறகு வேலை, வீடு, குழந்தைகள். ஆடிய காலம் சிறிது. அதையாவது ஓரிடத்தில் எழுதி வைப்பது நம் கடமை அல்லவா?

நான் விரும்புவது இவ்வளவே. முதலில், ஒவ்வொரு பள்ளியும் தன் எறிபந்து அணியின் பெயர்ப் பட்டியலை ஆண்டுதோறும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். தாய், தந்தை பெயரும் ஊரும் சேர்த்து எழுதினால், முதலெழுத்து மாறினாலும் ஆளைத் தேடிக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, பழைய புகைப்படங்களின் பின்புறம் பென்சிலால் இடமிருந்து வலமாகப் பெயர்களைக் குறிக்க வேண்டும். மூன்றாவது, முன்பு ஆடிய அன்னையரையும் பாட்டிமாரையும், ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியைகளையும் கண்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள வேண்டும். எந்த ஆண்டு ஆடினார்கள், அன்று விதி எப்படி இருந்தது, பாவாடை தாவணியில் ஆடினார்களா, வீட்டில் சம்மதித்தார்களா என்றெல்லாம் கேட்க வேண்டும். பக் அவர்களின் ஆண்டுக் குழப்பத்துக்குக்கூட யாரோ ஒரு பாட்டியின் பழைய குறிப்பேட்டில் விடை கிடைக்கலாம்! நான்காவது, காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு பொருளின் கீழும் மூன்று செய்திகள் எழுத வேண்டும்: இது என்ன, இது யாருடையது, இது நமக்கு எப்படித் தெரியும். எழுத்துச் சான்று உள்ளதைச் சான்று என்றும், வாய்மொழியாகக் கேட்டதைக் கேள்வி என்றும் வேறு வேறாகக் குறிக்க வேண்டும். அப்படிச் செய்தால் டபுள்டே கதை போன்ற ஒன்று நம் அறைக்குள் நுழையாது.

கூடுவாஞ்சேரி முதல் செங்கல்பட்டு வரை இரயில் பாதை நெடுகப் பெண்கள் படிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. போட்டி நாளில் எதிரணியாக நிற்கும் நாம் இந்த ஒரு பணியில் ஓரணியாக நிற்கலாம். ஒவ்வொரு பள்ளியும் ஒரு பெட்டி நிறையத் தந்தால் ஓர் அறை நிறைந்துவிடும். அந்த அறையைப் பார்க்க வரும் சிறுமி கேடயத்தை மட்டும் பார்க்காமல், அதை வென்ற எழுவரின் பெயரையும் படிக்கட்டும். அவற்றில் ஒன்று அவளுடைய அம்மாவின் பெயராக இருந்தால் அவள் எவ்வளவு பெருமை கொள்வாள்!

தோழியரே, அடுத்த ஆட்டத்துக்குக் களம் இறங்கும் முன்பே குறிப்பேட்டில் உங்கள் பெயரை முழுமையாக எழுதுங்கள். வெற்றியானாலும் தோல்வியானாலும் எழுதுங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவி,
பொத்தேரி